நாவல்மரக் காப்பகமும் நிரம்பி வழிந்த கூட்டமும்

ஒரு காட்டில் நடந்ததாக இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு பல்லி. பல வருடங்களாக நான் இதை நம்பவில்லை.

விலங்குகள் பேசுவதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவை சபை கூடித் தீர்மானம் போடுவதிலும் இல்லை. சிறுத்தையின் குட்டியும் மானின் குட்டியும் ஒரே மரத்தடியில் படுத்துத் தூங்கியதைக்கூட ஒப்புக்கொண்டேன். என் சந்தேகமெல்லாம் ஒரே இடத்தில்தான். அந்தக் கூட்டத்திலிருந்து அத்தனை பேரும், யாரும் விரட்டாமல், தங்கள் காலால் நடந்து வெளியே போனார்கள் என்று பல்லி சொல்கிறது. அது எப்படி முடியும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு எனக்கு ஐம்பது வயது தாண்டியது. நானும் சில கூட்டங்களுக்குப் போய்வந்தேன். இப்போது அந்த ஒரு இடம்தான் நம்பும்படி இருக்கிறது. மற்றதெல்லாம் சந்தேகமாக இருக்கிறது.

பல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காட்டின் நடுவே பாழடைந்த பயணியர் விடுதி ஒன்று உண்டு. அதன் கூடத்தில்தான் காட்டுச் சபை கூடும். பல்லி அந்தச் சுவரில்தான் வளர்ந்தது. விடுதியின் பழைய பீரோ ஏலத்துக்கு வந்தபோது நான் எடுத்தேன். பீரோவோடு பல்லியும் வந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறது. கதையை எப்போது கேட்டாலும் அதே வரிசையில், அதே குரலில் சொல்லும். பொய் சொல்கிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

காட்டில் ஒரு நாவல் மரம். மரத்தடியில் குட்டிகள் காப்பகம். பால்குடி மறந்ததும் மறக்காததுமான குட்டிகளைக் காலையில் அங்கே விட்டுவிட்டுத் தாய்மார்கள் வேலைக்குப் போவார்கள். மான் மேயப் போகும். சிறுத்தை வேட்டைக்குப் போகும். இரண்டும் வேலைதான். ஒருத்தியின் வேலை இன்னொருத்திக்கு ஆபத்து என்பது வேறு விஷயம். மாலையில் குட்டியை அழைத்துப்போக வந்து நிற்கும்போது இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இருமல் பற்றிப் பேசுவார்கள். பல் முளைப்பது பற்றிப் பேசுவார்கள்.

காப்பகத்தை நடத்தியது ஒரு பெண் காட்டுப்பன்றி. எல்லாரும் ஆயா என்பார்கள். கிழங்கையும் வரகையும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கும். அடம்பிடிக்கிற குட்டியை மூக்கால் ஒரு தள்ளு தள்ளும். அதற்கு மேல் பாடத்திட்டம் எதுவும் கிடையாது.

ஆனால் நாவல் மரத்தைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்கு யாரும் யாரையும் அடிப்பதில்லை. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. தன் பிள்ளை தூங்குகிற இடத்தில் ரத்தவாடை வேண்டாம் என்று முதலில் நினைத்தது சிறுத்தை. சிறுத்தையே கைவைக்காத இடத்தில் நாம் கைவைத்தால் நன்றாக இருக்காது என்று செந்நாய்கள் நினைத்தன. அப்படியே வழக்கமாகிவிட்டது.

புள்ளிமானுக்கு ஒரே ஒரு பெண்குட்டி. அதற்கு முன்பு ஒரு குட்டி இருந்தது. அதை உயரமான புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போனது மான். திரும்பி வந்தபோது புல் மட்டும் இருந்தது. இந்தக் குட்டி பிறந்த பிறகுதான் நாவல் மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. குட்டியை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போன முதல் நாள், வெகு காலத்துக்குப் பிறகு வயிறு நிறைய மேய்ந்ததாக அது சிறுத்தையிடமே சொல்லியிருக்கிறது. சிறுத்தையும் சந்தோஷப்பட்டதாம்.

எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்ததால் காட்டுச் சபை அதைக் கவனிக்க முடிவுசெய்தது.

சபையின் தலைவர் கரடி. நல்ல மனசு, நிறையத் தூக்கம். வேலைகளையெல்லாம் பார்ப்பது அதிகாரி கொக்கு. கொக்கு ஒரு நாள் ஒரு கைப்பேசியைக் கொண்டுவந்து நாவல் மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டது.

"இனி ஒவ்வொரு குட்டியும் காலையில் இதற்கு முகம் காட்ட வேண்டும். முகம் பொருந்தினால்தான் உருண்டை" என்றது.

"எனக்கே எல்லார் முகமும் தெரியுமேய்யா" என்றது ஆயா.

"உங்களுக்குத் தெரிவது சபைக்குத் தெரியாதே அம்மா."

கைப்பேசிக்கு முகங்கள் எளிதில் பொருந்தவில்லை. பச்சோந்திக் குட்டி தினமும் ஒரு நிறத்தில் வந்ததால் அதைத் தினமும் புதுக் குட்டி என்று சேர்க்கைக்கு விண்ணப்பிக்கச் சொன்னது கைப்பேசி. தலைப்பிரட்டையாகச் சேர்ந்த ஒன்று தவளையாகி வந்து நின்றது. வால் எங்கே என்று கைப்பேசி கேட்டது. வால் உதிர்ந்துவிட்டது என்று ஆயா சொன்னதை அது ஏற்கவில்லை. பதிவில் இருந்த தலைப்பிரட்டை காணாமல் போனதாகவும், எதிரே நிற்கும் தவளை யாரென்று தெரியாததாகவும் கொக்குக்குச் செய்தி அனுப்பியது. மான்குட்டிக்கும் சிறுத்தைக்குட்டிக்கும் உடம்பெல்லாம் புள்ளி. இரண்டையும் சேர்த்து ஒரே குட்டி என்று எடுத்துக்கொண்டது. ஆயா ஓர் உருண்டையை இரண்டாக உடைத்து இரண்டு வாயிலும் போட்டது.

இப்படியாக, மரத்தடி நிறைய குட்டிகள் இருக்க, சபையின் கணக்கில் காப்பகம் காலியாகிக்கொண்டே வந்தது. கொக்கு ஒரு தீர்மானம் தயாரித்தது. வருகை மிகவும் குறைந்துவிட்ட நாவல்மரக் காப்பகத்தை, ஆற்றுக்கு அப்பால் மலையடிவாரத்தில் அமையவிருக்கும் ஒருங்கிணைந்த மழலையர் மேம்பாட்டு மையத்தோடு இணைப்பது என்று அதில் இருந்தது.

"இணைக்கிறதுன்னா என்ன ஆயா?" என்று கேட்டது மான்.

"மூடுறது."

"மேம்பாடுன்னா?"

"அது எனக்கும் தெரியலம்மா. ஆனா நம்ம பக்கம் வராது."

தீர்மானம் தயாராக இருந்தும் நிறைவேறவில்லை. காரணம் ஒரு விதி. அந்தக் காட்டில் வளர்ந்த விலங்குகள் எல்லாமே சபையின் உறுப்பினர்கள். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும். இதைக் கோரம் என்பார்கள். காட்டுச் சபைக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? கரடி வரும். கொக்கு வரும். மழைக்கு ஒதுங்கிய முயல் ஒன்றிரண்டு இருக்கும். "கோரம் இல்லை, தலைவரே" என்று கொக்கு சொல்லும். "அப்படியா, ரொம்ப வருத்தம்" என்று கரடி எழுந்து போய்விடும். அடுத்த கூட்டத்திலும் அதே. கூட்டம் தள்ளிப்போகத் தள்ளிப்போக, காப்பகம் நடந்துகொண்டே இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மானுக்கும் தோன்றவில்லை.

மான் பொறுப்பானது. கூட்டத்துக்குப் போய் எதிர்ப்பைச் சொல்ல வேண்டும், தனியாகப் போனால் எடுபடாது, எல்லாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று முடிவுசெய்தது. மேய்ச்சலை விட்டுவிட்டுப் புதர் புதராக ஏறி இறங்கியது. குரங்குகளிடம் பேசியது. முள்ளம்பன்றிகளிடம் பேசியது. காட்டெருமைகள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அவற்றின் முன்னால் வழியை மறித்து நின்றுகொண்டது. கடைசியாகச் சிறுத்தையிடம் போனது. பகலில், திறந்த வெளியில், அதன் பாறைக்கே போனது.

"அக்கா, நீங்களும் வரணும்."

சிறுத்தை சோம்பல் முறித்தது. "நான் வந்தா மத்தவங்க ஓடிருவாங்களே."

"வயிறு நிறைய சாப்பிட்டுட்டு வாங்க. அப்ப ஓட மாட்டாங்க."

"யாரைச் சாப்பிட?"

மான் ஓர் அடி பின்னால் வைத்தது. "அதை எங்கிட்ட கேக்காதீங்கக்கா" என்றது.

"சரி, வர்றேன். எம்பையனுக்கும் அந்த மரத்தை விட்டா வேற இடம் இல்ல. அவனைக் கூட்டிக்கிட்டு வேட்டைக்குப் போனா அவன் பின்னாடி நின்னு பாட்டுப் பாடுறான். ஆயா சொல்லிக்கொடுத்ததாம்."

கூட்டத்தன்று விடுதிக் கூடம் நிரம்பியது. சன்னலில் குரங்குகள், உத்தரத்தில் வௌவால்கள், வாசல்வரை காட்டெருமைகள். கொக்கு உள்ளே வந்து ஒற்றைக் காலில் நின்று கூட்டத்தை ஒரு முறை பார்த்தது. அதன் கண்ணில் ஈரம் தெரிந்தது என்று பல்லி சொல்கிறது.

"இவ்வளவு பேரா?" என்று விழித்துக்கொண்டு கேட்டது கரடி.

"பொதுமக்களின் ஆர்வம், தலைவரே. கோரம் இருக்கிறது. இன்றுதான் இருக்கிறது."

மானைப் பார்த்துக் கொக்கு தலைவணங்கியது. "உங்களைப் போன்ற விழிப்புணர்வுள்ள தாய்மார்கள்தான் சபைக்கு உயிர் கொடுக்கிறீர்கள்" என்றது. மானுக்குக் கூச்சமாக இருந்தது. நாம் நினைத்த அளவுக்கு இவர் கெட்டவர் இல்லை போலிருக்கிறதே என்று சிறுத்தையின் காதில் சொன்னது.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. கரடி, "யாராவது பேச வேண்டுமா?" என்றது. மான் எழுந்தது. அதற்குப் பேசிப் பழக்கம் இல்லை. குட்டியைப் புல்லில் விட்டுவிட்டு மேயும்போது புல் தொண்டையில் இறங்காது என்றது. ஆற்றுக்கு அப்பால் குட்டியைக் கொண்டுபோய் விட்டால், போய்ச் சேரும்போதே திரும்ப அழைத்துவர வேண்டிய நேரமாகிவிடும் என்றது. தன் முதல் குட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னது. உட்கார்ந்துவிட்டது.

குரங்கு ஒன்று தன் குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது. கரடிகூட முழுதாக விழித்துவிட்டது. "இதில் இவ்வளவு இருக்கிறதா? ஓட்டுக்கு விட்டுவிடுவோம். தீர்மானத்தை எதிர்க்கிறவர்கள் முன்னங்காலைத் தூக்கலாம். பறவைகள் சிறகு" என்றது.

மான் காலைத் தூக்கப் போனது. பக்கத்தில் சிறுத்தையும். அந்தக் கூடத்தில் கொக்கைத் தவிர எல்லாருமே தூக்கியிருப்பார்கள் என்று பல்லி உறுதியாகச் சொல்கிறது.

அப்போது எழுந்தது மயில். மயில் அந்தச் சபையின் எதிர்க்கட்சித் தலைவர். அதுவரை தோகையைக் கோதிக்கொண்டிருந்தது. ஒரு மான் நாலு வார்த்தை பேசிச் சபையைத் திருப்பிவிட்டால், அப்புறம் எதிர்க்கட்சிக்கு என்ன வேலை என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். இது என் ஊகம். பல்லி அப்படிச் சொல்லவில்லை. மயில் கொள்கைக்காகத்தான் எழுந்தது என்று அது சொல்கிறது.

"நில்லுங்கள்" என்றது மயில். "காலைத் தூக்காதீர்கள். குழந்தைகளின் வயிற்றில் அடிக்கிற தீர்மானத்துக்கு ஓட்டுப் போடுவதா? எதிர்த்து ஓட்டுப் போட்டாலும், இந்தச் சபையை நாம் மதித்ததாக ஆகிவிடும். இந்த அநீதியைக் கண்டித்து நாங்கள் வெளிநடப்புச் செய்கிறோம்."

தோகை விரிந்தது. கூடத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது.

அந்தக் காட்டின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அங்கே வெளிநடப்பைவிடப் பெரிய வீரம் கிடையாது. கொம்பால் முட்டினவனைச் சில நாளில் மறந்துவிடுவார்கள். வெளிநடப்புச் செய்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளேயே உட்கார்ந்திருப்பவன் விலை போனவன். குரங்குகள் முதலில் சன்னல் வழியாகக் குதித்தன. வௌவால்கள் கிளம்பின. காட்டெருமைகள் திரும்பியபோது வாசற்கதவு ஒரு பக்கம் கழன்றது.

மான் உட்கார்ந்தே இருந்தது. "காலைத் தூக்கிட்டுப் போகலாமே, ஒரு நிமிசம்தானே ஆகும்" என்று பக்கத்தில் எழுந்த முள்ளம்பன்றியிடம் கேட்டது.

"ஏம்மா, நீ அவங்க ஆளா?" என்றது முள்ளம்பன்றி.

"ஐயோ, இல்லண்ணே."

"அப்ப எந்திரி. உன்னாலதான நாங்க வந்தோம். நீயே உள்ள உக்காந்திருந்தா எப்படி?"

மான் சிறுத்தையைப் பார்த்தது. சிறுத்தை மெதுவாக, "நான் இருக்கேன். என்னை யாரு என்ன சொல்லிருவா?" என்றது. உடனே வாசலிலிருந்து ஒரு குரங்கு கத்தியது: "பாத்தீங்களா, சிறுத்தை போகல. நான் அப்பவே சொன்னேன், அவ அந்தப் பக்கம்னு." சிறுத்தைக்குக் கோபம் வந்தது. காப்பகத்தில் இனித் தன் பையனோடு யாரும் விளையாட மாட்டார்களோ என்று பயமும் வந்தது. அதுவும் எழுந்தது. சிறுத்தையே போன பிறகு மானுக்கு அங்கே இருக்கத் தைரியம் இல்லை.

இப்படித்தான் அத்தனை பேரும் தங்கள் காலால் நடந்து வெளியே போனார்கள்.

வெளியே நல்ல உற்சாகம். யாரோ சுக்குக் காப்பி கொண்டுவந்தார்கள். மயிலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தோகை மறையாதபடி போர்த்துவது சிரமமாக இருந்தது. போட்டோ எடுக்கும்போது மானை மயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "கொஞ்சம் சோகமா பாரும்மா" என்றார்கள். அதற்கென்று மான் முகத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மான் நழுவி வாசலுக்குப் போனது. மிஞ்சிய கதவை ஒரு உடும்பு காவல் காத்தது.

"அண்ணே, ஒரே ஒரு ஓட்டு. போட்டுட்டு வந்துடறேன்."

"வெளிநடப்புச் செஞ்சவங்க திரும்ப உள்ள வரக் கூடாதும்மா."

"விதியா?"

"விதியெல்லாம் இல்ல. உள்ள வந்துட்டா அப்புறம் வெளிநடப்புக்கு என்ன மரியாதை?"

உள்ளே கரடியும் கொக்கும் மட்டும் இருந்தார்கள். கரடி காலி நாற்காலிகளைப் பார்த்தது. "எல்லாரும் போய்விட்டார்களே. கோரம் போய்விட்டதா?"

"கூட்டம் தொடங்கும்போது எண்ணியதுதான் கணக்கு, தலைவரே. நிரம்பி வழிந்தது. வரலாற்றிலேயே இப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை."

"அந்தப் பெண் பேசியதைக் கேட்டபோது எனக்குக் கஷ்டமாக இருந்ததே அய்யா."

"எனக்கும்தான். ஆட்சேபம் இருந்திருந்தால் காலைத் தூக்கியிருப்பார்களே."

கரடி கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் உள்ளே வந்தால் போதும், தள்ளிவைத்துவிடலாம் என்று அது காத்திருந்ததாகப் பல்லி சொல்கிறது. யாரும் வரவில்லை. "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று வெற்றுக் கூடத்தைப் பார்த்து ஒரு முறை கேட்டது. இன்னொரு முறை கேட்டது.

அப்போது சுவரிலிருந்து, ச்ச், ச்ச், ச்ச் என்று ஒரு சத்தம் வந்தது.

கரடிக்குச் சாமி பயம் உண்டு. கன்னத்தில் போட்டுக்கொண்டது. "பல்லியே சொல்லிவிட்டது. அப்புறம் நமக்கென்ன" என்றது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பெருந்திரளான பொதுமக்களின் பங்கேற்புக்கு நன்றி சொல்லி ஒரு வாக்கியத்தைக் கொக்கு தானாகச் சேர்த்துக்கொண்டது.

மழைக்கு முன்பே நாவல் மரத்தடி காலியானது. கைப்பேசியை அவிழ்த்து எடுத்துப்போனார்கள். ஆயாவுக்கு மலையடிவாரத்து மையத்தில் வேலை போட்டார்கள். அங்கே கட்டடம் இன்னும் எழும்பாததால் அது ஒரு செங்கல் குவியலுக்குக் காவல் இருந்தது. வெளிநடப்பால் சபையே நடுங்கிவிட்டதென்று மயில் போகிற இடமெல்லாம் பேசியது. அதில் மான் உள்பட யாருக்கும் மறுப்பு இல்லை. அந்தப் போட்டோ எல்லாப் புதர்களிலும் ஒட்டப்பட்டிருந்தது.

மான் குட்டியைத் தன்னோடு மேய்ச்சலுக்குக் கூட்டிப்போனது. குட்டியால் நடக்க முடியவில்லை. பழையபடி உயரமான புல்லைத் தேட ஆரம்பித்தது.

ஒரு நாள் மதியம் சிறுத்தை வந்தது. மான் ஓடவில்லை. சிறுத்தையும் பாயும் தூரத்துக்கு வராமல் தள்ளியே நின்றது.

"குட்டி எங்க?"

"எதுக்குக்கா?"

"எங்கேன்னு சொல்ல வேணாம். சொல்லாதே. ஓடைக்கு இந்தப் பக்கம் மட்டும் விடாதே. நாளையிலேருந்து எம்பையனை வேட்டைக்குக் கூட்டிட்டு வர்றேன். தனியா விட்டா செந்நாய் தூக்கிரும். எனக்கும் வேற வழியில்ல."

"அவன் எம்பொண்ணோட ஒரே உருண்டையைப் பாதியா சாப்பிட்டவன்க்கா. அவளை அடிக்க மாட்டான்."

"மாட்டான். அவளைப் பாத்தா விளையாட ஓடுவான். நான் பின்னாடியே வருவேன். பசியோட வருவேன்." சிறுத்தை வேறு பக்கம் பார்த்தது. "அப்புறம் அவனும் கத்துக்குவான். கத்துக்கலேன்னா அவன் செத்துருவான். அதான் நானே வந்து சொல்லிட்டுப் போறேன்."

மான் அன்றே குட்டியோடு ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் செந்நாய்களின் இடம். மழை முடிந்து ஒரு நாள் அது தனியாகத் திரும்பி வந்து, நாவல் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாம்.

இதோடு பல்லி கதையை முடித்துவிடும். ஒவ்வொரு முறையும், கேட்காமலே, நீதியையும் சொல்லும்.

நீதி: ஒரு தீர்மானம் தடையில்லாமல் நிறைவேற வேண்டுமானால், அதை எதிர்ப்பவர்கள் அனைவரும் தவறாமல் கூட்டத்துக்கு வர வேண்டும், நேரத்தோடு கிளம்பியும் விட வேண்டும்.

நல்ல நீதிதான். இதில் வந்தவர்கள் மேலும் போனவர்கள் மேலும் குற்றம் இருக்கிறது. உள்ளேயே இருந்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. இத்தனை வருடங்களில் எனக்கு இது உறைக்கவில்லை. போன வாரம் டியூப்லைட்டின் கீழே நாற்காலியைப் போட்டு ஏறி நின்றுகொண்டு, முகத்துக்கு நேராக அதனிடம் கேட்டேன்:

"அந்தக் கூடத்தில் உன்னைத் தவிர வேறு பல்லி யாராவது இருந்தார்களா?"